இல்லாத நால்வரின் இசை



இசைக்குழுவொன்றின் வரலாற்றைக் கூற முற்படுவோர், அதன் உறுப்பினர் இன்னின்னார், இன்ன ஊரிலே பிறந்தனர், இன்ன ஆண்டிலே ஒன்றுகூடினர் என்று தொடங்குவதே வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட குழுவுக்கு அவ்வழக்கம் ஒத்துவராது. அதன் பெயர் சிலிக்கன் டீன்ஸ். கணிப்பொறிகளுக்குள்ளே இருக்கும் சிலிக்கன் என்னும் மூலகத்தின் பெயரையும், பதின்வயதினர் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து ஆக்கிய பெயர் அது. 1979ஆம் 1980ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்தில் மூன்று சிறிய இசைத்தட்டுகளும் ஒரு பெரிய இசைத்தட்டும் அப்பெயரால் வெளிவந்தன. குழுவின் உறுப்பினர் நால்வர் என்று அறிவித்தனர். டரில் என்பவர் பாடகர். ஜாக்கியும் டயானும் இலத்திரன் இசைக்கருவி வாசிப்போர். போல் என்பவர் தாளமிடுவோர். நால்வரும் இளைஞர் என்பது பெயரிலேயே விளங்கிற்று.

அந்த நால்வருள் ஒருவரேனும் இவ்வுலகிற் பிறந்தவர் அல்லர். பாடியவரும், வாசித்தவரும், தாளமிட்டவரும் ஒருவரே. டானியல் மில்லர் என்னும் பெயருடைய அவருக்கு அப்பொழுது இருபத்தெட்டு வயது. பதின்வயதைக் கடந்து ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதனைக் கேட்டவுடன், இது மோசடியா, வெறும் விளையாட்டா, அன்றிக் கலையிலே சேர்க்கத்தக்கதா என்ற ஐயம் நேயர்களுக்கு எழுதல் கூடும். எனக்கும் எழுந்தது. அவ்வாறு எழுந்ததற்கு என் சொந்த வாழ்விலே ஒரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன். இக்குழுவின் கதையை நான் தேடிச் சென்றதும் தற்செயலாகவே. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே பல்கலைக்கழக விடுதியில், அடுத்த அறையிலிருந்த நண்பர் ஒருவர் டெபேஷ் மோட் என்ற ஆங்கிலக் குழுவின் ஒலிநாடாவை இரவு பகலாக ஒலிக்கவிடுவார். அன்று அது எனக்குப் பெருந்தொல்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னர், அக்குழுவை உலகுக்குத் தந்தவர் யார் என்று அறியப் புகுந்தபோது, அவருக்குப் பின்னாலே இந்த இல்லாத நால்வர் நிற்கக் கண்டேன்.

மில்லர் 1951ஆம் ஆண்டு இலண்டனிலே பிறந்தவர். பெற்றோர் இருவரும் நாடகக் கலைஞர். ஹிட்லரின் படை 1938ஆம் ஆண்டு ஒஸ்திரியாவை விழுங்கிய பின் இங்கிலாந்திலே அடைக்கலம் புகுந்த யூத அகதிகள். தாயார் ஹன்னா நோர்பேட். தந்தையார் மேடையிலே மார்ட்டின் மில்லர் என்று விளங்கியவர். அவருக்குப் பிறப்பிலே இட்ட பெயர் றுடோல்ப் முல்லர். இலண்டனுக்கு ஓடிவந்த ஒஸ்திரியக் கலைஞர் 1939ஆம் ஆண்டிலே சிறு லாந்தர் என்று பொருள்படும் லாட்டேண்ட்ல் என்னும் அரங்கத்தை அமைத்தனர். அவ்வரங்கத்தைத் தாங்கிநின்றோருள் மார்ட்டின் மில்லர் முதன்மையானவர்.

அவருடைய வாழ்விலே வானொலிக்குரிய ஒரு நிகழ்ச்சி உண்டு. வானொலியிலே பேசும் நான் அதனைச் சொல்லாது செல்லுதல் தகாது. 1940ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், அதாவது பி.பி.சி., தனது ஜெர்மன் சேவையிலே ஹிட்லரின் உரையொன்றை ஒலிபரப்பிற்று. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டது ஜெர்மனியரின் அறிவுத் துணையாலேதான்; ஆதலால் அந்நாட்டின்மீது ஜெர்மனிக்கு உரிமை உண்டு என்று அக்குரல் முழங்கியது. குரல் ஹிட்லருடையது அன்று, மார்ட்டின் மில்லருடையது. முட்டாள்கள் தினத்து வேடிக்கையான அதனை மெய்யென நம்பி மயங்கியோரும் உண்டு என்று சொல்வர். தம்மை நாட்டைவிட்டுத் துரத்தியவனின் குரலைத் தம் தொண்டையிலே தாங்கி, அதனையே அவனுக்கு எதிரான ஆயுதமாக்கினார் அந்த அகதி. கேட்போரின் கண்ணுக்குத் தெரியாத ஒருவர், குரல் ஒன்றாலேயே வேறொருவராகி நிற்றல் ஆகும் என்பதை மகன் வீட்டிலேயே அறிந்திருத்தல் வேண்டும். தந்தையார் 1969ஆம் ஆண்டு இறந்தார். மகன் செய்த வேடிக்கையைக் காண அவர் இருக்கவில்லை.

மகன் கில்ட்பேட் கலைக் கல்லூரியிலே திரைப்படக் கலை பயின்றார். அங்கே மாணவனாக இருந்த காலத்திலும் அதற்குப் பின்னரும் அவர் காதுக்கு இனித்தவை கான், பௌஸ்ட், நொய், கிறாப்ட்வேர்க் முதலிய ஜெர்மன் குழுக்களின் இசை. தம் பெற்றோரைத் துரத்திய நாட்டின் புதிய தலைமுறை ஆக்கிய இசையை இலண்டனிலிருந்து அவர் விரும்பிக் கேட்டார் என்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. படிப்பு முடிந்தபின் படத்தொகுப்பு வேலை பார்த்தார். சிலகாலம் சுவிற்சலாந்தின் பனிமலை விடுதியொன்றிலே இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் தொழிலும் செய்தார்.

1976ஆம் ஆண்டளவிலே இங்கிலாந்தின் இளைஞரிடையே பங்க் என்னும் இசைப்புயல் வீசிற்று. பெருஞ்செல்வமும் நுட்பப் பயிற்சியும் இருந்தாலன்றி மேடையேற முடியாது என்றிருந்த நிலையை அது குலைத்தது. மூன்று சுரக்கூட்டுகளைக் கிற்றாரிலே பிடிக்கத் தெரிந்தாற் போதும், நீயும் குழு அமைக்கலாம் என்பதே அதன் கொள்கை. இசைத்தட்டு நிறுவனங்களின் வாசலிலே காத்திராமல், தம் கைப்பணத்திலே தாமே இசைத்தட்டு அச்சிட்டு விற்கும் வழக்கமும் அப்பொழுது பரவியது. மில்லருக்கு இந்தக் கொள்கையிலே பெருவிருப்பம். ஆனால் அதிலும் ஒரு குறை கண்டார். மூன்று சுரக்கூட்டுகளையேனும் கற்கவேண்டுமே! இலத்திரன் கருவியாயின் ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தினாற் போதும் அன்றோ? ஆதலால் பங்க் இயக்கத்தின் கொள்கைக்கு உண்மையாகப் பொருந்துவது கிற்றார் அன்று, இலத்திரன் கருவியே என்பது அவர் வாதம். இவ்வாதத்தை அவர் பிற்காலத்திலும் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்.

சிந்தசைசர் எனப்படும் அந்தக் கருவி அறுபதுகளிலே அமெரிக்காவில் றொபேட் மூக் என்பவரால் உருப்பெற்றபோது, பல்கலைக்கழகங்களும் பெருஞ்செல்வரான கலைஞருமே வாங்கத்தக்க விலையிலே இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியிலே ஜப்பானியர் சிறியனவும் மலிவானவுமான கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கினர். மில்லர் வாங்கியது கோர்க் 700எஸ் என்னும் ஜப்பானியக் கருவி. அதுவும் ஒருவர் பயன்படுத்திய பின் விற்றது. படத்தொகுப்பு வேலையிலே மேலதிக நேரம் உழைத்துச் சேர்த்த பணத்தாலே அதனையும், நான்கு தடங்களிலே ஒலியைப் பதியும் டியாக் நாடாக் கருவியொன்றையும் வாங்கினார்.

இவ்விரு பொருள்களின் தன்மையையும் சற்று விளக்குதல் வேண்டும். கதையின் சூட்சுமம் அங்கேயே இருக்கிறது. அந்தக் கோர்க் கருவியிலே ஒரு நேரத்தில் ஒரு சுரமே எழும். ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு இன்னொன்றையும் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒலியா. மின்னதிர்வை உண்டாக்கும் பகுதி ஒன்று. அவ்வதிர்வின் கூர்மையைச் சீவும் வடிகட்டி ஒன்று. நீராவி சீறுவது போன்ற வெற்றிரைச்சலைத் தரும் பகுதி ஒன்று. அந்தச் சீறலைச் சட்டென்று வெட்டிவிட்டால் சிறுமேளத்தின் ஓசை கிடைக்கும். தாழ்ந்த சுரமொன்றை நொடிப்பொழுதிலே கீழே விழச் செய்தால் பெருமேளத்தின் ஓசை கிடைக்கும். முதலிலே தாளத்தை ஒரு தடத்திற் பதிவு செய்து, அதனைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது தடத்திலே அடிச்சுரத்தையும், மூன்றாவதிலே மெட்டையும், நான்காவதிலே குரலையும் பதிந்தால், தனியொருவன் நால்வராகிவிடுவான். நாடாவிலே நான்கு தடங்கள். பின்னர் வந்த குழுவிலே நால்வர். தடங்களுக்கே பெயர் சூட்டிவிட்டார் போலும் என்று எனக்கு ஓர் எண்ணம். இது என் கற்பனை. வரலாறு என்று கொள்ளற்க.

1978ஆம் ஆண்டு, த நோர்மல் என்ற பெயரிலே மில்லர் தமது முதலாவது இசைத்தட்டை வெளியிட்டார். நோர்மல் என்றால் இயல்பானது, வழக்கமானது என்று பொருள். உள்ளடக்கத்திலே வழக்கமானது எதுவும் இல்லை. ஒரு பக்கத்திலே டி.வி.ஓ.டி. என்னும் பாட்டு, தொலைக்காட்சியை நஞ்சு மருந்துபோல் உடலிலே ஏற்றிக்கொள்ளும் ஒருவனின் கூற்று. மறுபக்கத்திலே வோர்ம் லெதரெட். ஜே. ஜி. பாலார்ட் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட கிராஷ் என்னும் நாவலின் வழிவந்தது அது. மோட்டார் விபத்துகளிலே விபரீத வேட்கை கொண்டோரைப் பற்றிய அந்நாவலைத் திரைப்படமாக்கும் எண்ணத்தோடு மில்லர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார், அது படமாகவில்லை. நாவல் முழுவதையும் மூன்றரை நிமிடத்துக்குள் அடைத்துவிட்டார். உணர்ச்சியற்ற குரல், தகரத்திலே அடிப்பது போன்ற தாளம், மீண்டும் மீண்டும் அறுக்கும் ஒற்றைச் சுரம். எனக்கு அந்தப் பாட்டிலே விருப்பமில்லை. மாணவர்க்கு எடுத்துச் சொல்லவும் துணியேன். ஆயினும், ஒருமுறை கேட்டவர் அதனை எளிதில் மறத்தல் இயலாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். உறையின் படத்திலே மோட்டார் மோதற் சோதனையில் வைக்கப்படும் பொம்மை மனிதர் இருந்தனர்.

ஐந்நூறு பிரதிகள் அச்சிடுவதே முதல் எண்ணம். மாதிரித் தட்டை எடுத்துக்கொண்டு மேற்கு இலண்டனிலே ஜெஃப் ட்றவிஸ் 1976ஆம் ஆண்டு தொடங்கிய றஃப் ட்றேட் என்னும் இசைத்தட்டுக் கடைக்குச் சென்றார். கேட்டவர் விநியோகப் பொறுப்பைத் தாமே ஏற்று, இரண்டாயிரம் அச்சிடுங்கள் என்றார். வெளியீட்டு நிறுவனத்துக்கு மில்லர் இட்ட பெயர் மியூட். ஊமை, ஓசையற்றது என்று பொருள். ஒலி சேர்க்கப்படாத படச்சுருளைப் படத்தொகுப்பாளர் அவ்வாறே வழங்குவர். இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஊமை என்று பெயரிட்டவரின் நகைச்சுவையை நாம் குறித்துக்கொள்வோம். உறையின் பின்புறத்திலே நிறுவனத்தின் முகவரியாக அவர் அச்சிட்டது தம் தாயாரின் வீட்டு முகவரியை. இதனாலே ஒரு விளைவு உண்டாயிற்று. மியூட் என்பது பெரிய நிறுவனம் என்று எண்ணிய இளைஞர் பலர் தம் பாட்டுகளைப் பதிந்த நாடாக்களை அந்த வீட்டுக்குத் தபாலில் அனுப்பலாயினர். ஒரு தனிமனிதனின் ஒற்றை இசைத்தட்டு, பிறரின் நம்பிக்கையாலேயே நிறுவனமாகிக்கொண்டிருந்தது.

த நோர்மல் என்பதற்கு மேடை வாழ்வு மிகச் சிறிது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த றொபேட் றென்டல் என்னும் இலத்திரன் இசைஞரோடு சேர்ந்து, 1979ஆம் ஆண்டு வடஅயர்லாந்தின் ஸ்டிஃப் லிட்டில் பிங்கர்ஸ் குழுவின் சுற்றுப்பயணத்திலே முன்னிகழ்ச்சி செய்தார். கிற்றாரின் ஆரவாரத்தைக் கேட்க வந்த கூட்டத்தின்முன் இருவர், பெட்டிகளின் திருகாணிகளைத் திருப்பிக்கொண்டு நின்றனர். அவ்வாண்டு மார்ச் 6ஆம் திகதி நோர்போக் கடற்கரையை அடுத்த வெஸ்ட் றண்டன் என்னும் ஊரிலே நடந்த நிகழ்ச்சியின் பதிவை றஃப் ட்றேட் 1980ஆம் ஆண்டு வெளியிட்டது. அந்தத் தட்டின் ஒரு பக்கத்திலேதான் இசை இருந்தது. மறுபக்கம் வெறுமை.

இனி நமது நால்வரிடம் வருவோம். பழைய றொக் பாட்டுகளை இலத்திரன் கருவியிலே வாசித்தால் எப்படியிருக்கும் என்று மில்லர் வீட்டிலே விளையாட்டாகச் செய்து பார்த்தார். முதலிலே எடுத்தது சக் பெரி 1959ஆம் ஆண்டு வெளியிட்ட மெம்பிஸ், டென்னசி என்னும் பாட்டு. அதனைத் தேர்ந்ததிலே ஒரு பொருத்தம் உண்டு. தொலைபேசி நிலையத்தாரிடம் மாரீ என்பவளோடு தொடர்பு ஏற்படுத்தித் தருமாறு ஒருவன் மன்றாடுவான். கேட்போர் அவளை அவன் காதலி என்றே எண்ணியிருப்பர். இறுதியிலேதான் அவள் அவனது ஆறு வயது மகள் என்பது வெளிப்படும். கேட்பவரின் ஊகத்தைக் கொண்டே ஆடும் ஆட்டம் அது.

கிற்றாருக்குப் பதிலாக இலத்திரன் கருவியையே முதல் வாத்தியமாகத் தூக்கும் பதின்வயதினர் குழுவொன்று இனித் தோன்றும் என்று மில்லர் எதிர்பார்த்தார். தோன்றும்வரை காத்திராமல் தாமே ஒன்றைப் படைத்துவிட்டார். நாவலாசிரியர் பாத்திரங்களைப் படைப்பதுபோல டரிலும், ஜாக்கியும், போலும், டயானும் பிறந்தனர். இசையைத் தயாரித்தவர் லாரி லீஸ்ட் என்று உறையிலே போட்டார், அதுவும் அவரே. அக்காலத்திலே மிக்கி மோஸ்ட் என்றொரு புகழ்பெற்ற இசைத் தயாரிப்பாளர் இருந்தார். மோஸ்ட் என்றால் மிகப் பெரும்பகுதி. லீஸ்ட் என்றால் மிகச் சிறுபகுதி. நகை புரிகிறதன்றோ?

மெம்பிஸ், டென்னசி 1979இல் வந்தது. ஜூடி இன் டிஸ்கைஸ், ஜஸ்ட் லைக் எடி ஆகிய தட்டுகளும், விருந்துகளுக்கான இசை என்று பொருள்படும் பெயர்கொண்ட பெரிய தட்டும் 1980இல் வந்தன. ஜஸ்ட் லைக் எடி 1963ஆம் ஆண்டு ஹைன்ஸ் என்பவர் பாடியது. அதனைத் தயாரித்தவர் ஜோ மீக். இலண்டனின் ஹொலவே வீதியிலே கடையொன்றின் மேலிருந்த தம் குடியிருப்பையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி, அங்கிருந்தே உலகப் புகழ்பெற்ற இசையை ஆக்கிய விந்தை மனிதர் அவர். வீட்டிலிருந்து இசை செய்த முன்னோனுக்கு மில்லர் செய்த வணக்கமாகவே இதனை நான் கொள்கிறேன்.

பெரிய தட்டைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்கக் கேட்கச் சிரிப்பு வரும், ஆழம் இல்லை. சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொறிகள் ஒன்றுகூடிக் கச்சேரி செய்வதுபோன்ற ஓசை. நான்காவது பாட்டிலே என் செவி சலித்துவிட்டது. அதன் பெருமை இசையிலே இல்லை. அது எதனை முன்னறிந்தது என்பதிலேயே இருக்கிறது.

பத்திரிகையாளர் நால்வரையும் காண விரும்பினர். அப்பொழுது வேறு ஆட்களை அழைத்து அமரச்செய்தார் மில்லர். பாடகர் டரிலாகத் தோன்றியவர் பிராங்க் டோவி. லீட்ஸ் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியிலே கலை பயின்று, ஊமை நடிப்பிலே ஈடுபாடு கொண்ட இளைஞர் அவர். ஃபாட் கஜெட் என்னும் பெயரிலே அவர் செய்த இசைத்தட்டு, மியூட் நிறுவனம் வெளியிட்ட முதலாவது பிறர் இசை. தமக்கென்று ஒரு புனைபெயர் உடையவர், இன்னொருவர் புனைந்த பாத்திரமாக வேடமிட்டு, அவர் பாடிய பாட்டுக்கு வாயசைத்தார்.

மோசடியா என்ற வினாவுக்கு இங்கேதான் விடை காணவேண்டும். முன்னர்ச் சொன்ன என் கதையும் இங்கேதான் வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் உதவியாசிரியராக இருந்த பாடசாலையொன்றிலே, பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று கொணர்ந்தனர் என்று கேள்வியுற்று மகிழ்ந்தேன். நூலகத்து மேசையிலே அது கிடந்தது. கட்டுரை, கவிதை, சிறுகதை, கவிதையைக் கண்டித்து வாசகர் கடிதம், அதற்குக் கவிஞரின் சினம் மிகுந்த மறுமொழி. நான்கு பெயர்கள். எழுத்தும் நான்கு விதமாகச் சாய்ந்தும் நிமிர்ந்தும் இருந்தது. ஆயின் ழகரத்தின் வால் மட்டும் எங்கும் ஒரே மாதிரி வளைந்திருந்தது. விசாரித்தேன். எல்லாவற்றையும் எழுதியவன் பின்வாங்கிலிருக்கும் ஒரே மாணவன். வகுப்பின் முன் எழுப்பி நிறுத்தி, பொய்ப்பெயரில் எழுதுவது ஏமாற்று என்று நீண்ட உபதேசம் செய்தேன். அவன் தலைகுனிந்தபடி, "நாலு பேர் எழுதினாத்தானே சேர் சஞ்சிகை" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றே நினைவு. இரண்டாவது இதழ் வரவில்லை. வராததை நான் கவனித்ததும் அடுத்த தவணையிலேதான்.

மில்லரின் கதையை அறிந்தபோது அந்த ழகரத்தின் வால் என் கண்முன் நின்றது. ஏமாற்றுபவன் பிறர் பொருளைக் கவர்வதற்காகத் தன்னை மறைக்கிறான். மில்லர் எவருடைய பொருளையும் கவரவில்லை. இசைத்தட்டை வாங்கியோருக்கு இசை கிடைத்தது. இன்னும் வாராத கூட்டத்துக்கு அவர் முன்கூட்டியே நாற்காலி போட்டு வைத்தார். என் மாணவனும் அதனையே செய்தான். நான் நாற்காலியை எடுத்துவிட்டேன்.

மில்லர்மீதும் அவர் வழிவந்தோர்மீதும் சாட்டப்பட்ட குற்றம் வேறு. பொறி வாசிக்கும் இசை இசையாகுமா என்பதே அது. 1982ஆம் ஆண்டு பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, சிந்தசைசர்களையும் தாளப் பொறிகளையும் தடைசெய்ய வேண்டுமென்று தீர்மானித்தது. வாத்திய கோஷ்டிகளின் பிழைப்புப் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சத்தை நான் எள்ளமாட்டேன். ஆயினும் நமக்கு இது புதுமை அன்று. மார்ட்டின் மில்லரின் குரல் இலண்டனிலே ஒலித்த அதே 1940ஆம் ஆண்டு, அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. கமகம் பிடிக்க இயலாத கட்டைச் சுரங்கள் நம் சங்கீதத்தைக் கெடுக்கும் என்றனர். 1971ஆம் ஆண்டிலேயே அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்திலே ஆர்மோனியம் இல்லாத நாடக மேடையை நம் பாட்டன்மார் கண்டதுண்டோ?

1980ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, கிழக்கு இலண்டனின் கனிங் டவுண் பகுதியிலிருந்த பிரிட்ஜ் ஹவுஸ் என்னும் மதுச்சாலையிலே ஃபாட் கஜெட்டின் நிகழ்ச்சி. அதற்கு முன்னர் மேடையேறிய குழுவை மில்லர் கூட்டத்தோடு நின்று கேட்டார். எசெக்ஸ் மாவட்டத்திலே, யுத்தத்தின் பின் அமைத்த புதுநகரமாகிய பஸில்டனிலிருந்து வந்த நால்வர். ஒருவர் பாட, மூவர் ஒற்றைச் சுரக் கருவிகளை வாசித்தனர். தாளத்துக்கு ஒரு பொறி. கிற்றார் இல்லை. மேளம் இல்லை. மூவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. பாட்டுகளை எழுதிய வின்ஸ் கிளார்க்குக்கு அவ்வாண்டுதான் இருபது நிரம்பியிருந்தது. அவர்களே டெபேஷ் மோட். சில காலத்துக்கு முன்னர் அவர்கள் தம் நாடாவோடு றஃப் ட்றேட் கடைக்கு வந்தபோது, வேறு தொல்லையிலே இருந்த மில்லர் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. இப்பொழுதோ, தாம் கற்பனையாற் செய்த நால்வர் உடலெடுத்து மேடையிலே நிற்கக் கண்டார். தாம் எண்ணிய சிலிக்கன் டீன்ஸ் இவர்களே என்று பின்னாளில் அவரும் சொல்லியிருக்கிறார்.

எழுத்துமூல ஒப்பந்தம் எதுவும் இல்லை. இலாபத்திலே பாதி உங்களுக்கு, பாதி எமக்கு என்று வாய்ச்சொல்லால் முடிந்தது. பெருநிறுவனங்கள் பெருந்தொகை காட்டி அழைத்தும் அவ்விளைஞர் மில்லரிடமே தங்கினர். தென்கிழக்கு இலண்டனிலே, யுத்தகாலக் குண்டுவீச்சிலே சிதைந்து, வழிபாடு நின்றுபோன தேவாலயமொன்றில் பிளாக்விங் என்னும் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. அங்கே பதிந்த முதற்பாட்டு 1981ஆம் ஆண்டு விற்பனை வரிசையிலே 57ஆம் இடம் பெற்றது. அடுத்தது 11ஆம் இடம். அவ்வாண்டிலேயே மூன்றாவது 8ஆம் இடம். ஆண்டு முடிவிலே கிளார்க் விலகினார், குழு குலையவில்லை. 1988ஆம் ஆண்டு யூன் மாதம் கலிபோர்ணியாவின் பசடீனா நகரத்து விளையாட்டரங்கிலே அறுபதாயிரம் பேருக்கு மேற்பட்ட கூட்டம் அவர்கள் பாட்டைக் கேட்டது.

மெய்யான நால்வர் வந்தபின் கற்பனை நால்வருக்கு வேலை இல்லை. சிலிக்கன் டீன்ஸ் 1980ஆம் ஆண்டோடு ஓய்ந்தனர். பிரிந்தனர் என்று அறிவிப்பதற்கும் ஆள் இல்லை. அவர்கள் வாசித்த றெட் றிவர் றொக் என்னும் பழைய மெட்டு மட்டும் 1987ஆம் ஆண்டு பிளேன்ஸ், ட்ரெயின்ஸ் அண்ட் ஓட்டோமொபைல்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படத்திலே ஒலித்தது. படம் பார்த்த இலட்சக்கணக்கானோருள் அதனை வாசித்தவர் யார் என்று வினவியோர் மிகச் சிலரே ஆவர். த நோர்மல் பாடிய வோர்ம் லெதரெட்டை யமேக்காவிலே பிறந்த கிரேஸ் ஜோன்ஸ் 1980ஆம் ஆண்டிலேயே பாடித் தமது பெரிய தட்டுக்கு அப்பெயரையே சூட்டினார். பாட்டை ஆக்கியவரைவிடப் பாட்டு அதிகம் பயணம் செய்தது.

றொபேட் றென்டல் 2000ஆம் ஆண்டு இறந்தார். டரிலாக நடித்த பிராங்க் டோவி, நெடுங்காலம் ஒதுங்கியிருந்தபின் 2001ஆம் ஆண்டு மீண்டும் ஃபாட் கஜெட் என்ற பெயரோடு மேடையேறினார். ஒருகால் தமக்கு முன்னிகழ்ச்சி செய்த டெபேஷ் மோட் குழுவுக்கு அப்பொழுது அவர் முன்னிகழ்ச்சி செய்தார். மறு ஆண்டு ஏப்பிரல் மாதம், நாற்பத்தைந்தாவது வயதிலே, காலமானார். மியூட் நிறுவனம் அதே 2002ஆம் ஆண்டு ஈ.எம்.ஐ. என்னும் பெருநிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2010ஆம் ஆண்டு மில்லர் அதனை மீண்டும் தனித்து நடத்தத் தொடங்கினார்.

த நோர்மல் என்ற பெயரிலே இரண்டாவது தனித்தட்டு வரவில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டு, அமெரிக்க இசைஞர் ஜோன் கேஜ் 1952இல் ஆக்கிய, நான்கு நிமிடம் முப்பத்துமூன்று விநாடி எதனையும் வாசியாது அமர்ந்திருக்கும் உருப்படியை, மியூட் நிறுவனத்தின் கலைஞர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஆளுக்கொரு முறையாக நிகழ்த்திய தொகுப்பு வெளிவந்தது. அதிலே த நோர்மல் என்ற பெயரும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அப்பெயரால் மில்லர் செய்த பதிவு அந்த மௌனமே.